இடது கழுத்தில் ஒரு மரு

மருவா? மரு நான் எடுக்கறதில்லை பாப்பா. புருவம் சொல்லு, பண்றேன். மேலுதட்டு முடி சொல்லு, பண்றேன். வியாழக்கிழமை முகூர்த்தத்துக்கு உன்னை உன் மாமியாருக்கே அடையாளம் தெரியாத மாதிரி ஆக்கி விடறேன். மருவை மட்டும் தொட மாட்டேன்.

தலையைப் பின்னால சாய்ச்சுக்கோ. கண்ணு மேல பஞ்சு வைக்கறேன், ரோஸ்வாட்டர்தான், குளுகுளுன்னு இருக்கும். பேக் போட்டதுக்கப்புறம் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. இருபது நிமிஷம். நடுவுல சிரிச்சா அங்கங்க வெடிக்கும், நான் மறுபடி முதல்லேருந்து போடணும்.

எங்க, காட்டு. இதுவா? செயின் உரசற இடம். கடுகு அளவுகூட இல்லை. இதுக்கா ஒரு வாரமா யூடியூப் பார்த்தே? சுண்ணாம்பும் சோடாவும் குழைச்சு வச்சா விழுந்துடும்னு சொல்லியிருப்பாங்களே. வைக்காத. போன வருஷம் ஒரு பொண்ணு அப்பிடித்தான் வச்சுக்கிட்டு வந்து நின்னா, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது. மரு இருந்த இடம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெந்து கெடந்துச்சு. மரு இருந்திருந்தா பவுடர்ல மறைச்சிருப்பேன். வெந்ததை எதை வச்சு மறைக்கறது? அம்மான் பச்சரிசிப் பாலு, பூண்டு, குதிரை வால் முடி, எல்லாம் எனக்குத் தெரியும். எதுவும் வேணாம். கோயில்ல உப்பு மிளகு போடறேன்னு உங்கம்மா வேண்டிக்கிட்டா தாராளமா போடுங்க. அதுல தோல் வேகாது.

பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டரம்மா ஒருத்தங்க இருந்தாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி கழுத்துலதான், நானே கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டியிருக்கேன். லைட் அடிச்சுப் பார்த்தாங்க, விரலால உருட்டிப் பார்த்தாங்க. ‘இது சும்மா தோல் வளர்ச்சிம்மா. உரசற இடத்துல வரும். கழுத்து, கக்கம், கண் இமை. வயசானா வரும், உடம்பு போட்டா வரும், சுகர் இருந்தா வரும். யாருக்கும் ஒட்டாது. கேன்சரா மாறாது. எதுக்கு எடுக்கணும்?’னாங்க. ‘பார்க்க நல்லால்லை மேடம்’னேன். அவங்க என்னைப் பார்க்கவே இல்லை. அவரைப் பார்த்துத்தான் கேட்டாங்க, ‘உங்களுக்கு இடைஞ்சலா இருக்கா?’ அவரு இல்லைன்னு தலையாட்டினாரு. ‘அப்ப விட்டுடுங்க. நிறம் மாறினா, ரத்தம் வந்தா, திடீர்னு பெருசானா வாங்க. எடுத்தே ஆகணும்னாலும் இங்க வாங்க, மரத்துப்போற ஊசி போட்டு ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம். வீட்ல நூல் கட்டாதீங்க.’ சுகர் டெஸ்ட்டுக்கு மட்டும் எழுதிக் குடுத்தாங்க. அதுவும் இல்லை அவருக்கு. அவ்வளவுதான் பாப்பா உன் மருவுக்கும் வைத்தியம். கல்யாணம் முடிஞ்சு, வேணும்னா போய் எடுத்துக்கோ, வேணாம்னா அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது.

தெரியும், என்ன கேக்க வர்றேன்னு. முன்னாடி எடுத்தீங்களாமேன்னு. உங்க சித்தி சொல்லியிருப்பா, அவளுக்கே ரெண்டு எடுத்திருக்கேன். பேசாத, நானே சொல்றேன். எடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன், பதினஞ்சு வருஷமா. புருவம் எடுக்கற நூல்தான். ரெட்டையா முறுக்கி, மருவுக்கு அடியில சுருக்குப் போட்டு, இழுத்து முடிஞ்சு விட்டா அஞ்சு நாள். கறுக்கும், காயும், குளிக்கும்போது தானா விழுந்துடும். எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கேன். கடைசியா கட்டினது எங்க வீட்டுக்காரருக்கு.

அவரு பேரு அருணகிரி. முனிசிபாலிட்டியில தண்ணி திறந்து விடற வேலை. சின்னப் பிள்ளையில நீ பார்த்திருப்பே. ஆள் உசரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, மேல குறுக்கால கைப்பிடி, அதை இடது தோள்ல சாய்ச்சுக்கிட்டு சைக்கிள்ல போவாரு. தெரு முக்குல இருக்கற குழிக்குள்ள விட்டுத் திருகினாருன்னா அந்தத் தெருவுக்குத் தண்ணி. இருபத்தொம்போது வருஷம் அதே சாவி. அது உரசி உரசித்தான் வந்துச்சோ என்னவோ அந்த மரு. காலருக்குக் கொஞ்சம் மேல, மிளகு அளவு. கல்யாணத்தப்பவே இருந்துச்சு.

எதையாவது யோசிச்சாருன்னா ரெண்டு விரலால அதைப் பிடிச்சு உருட்டிக்கிட்டே இருப்பாரு. இன்னைக்கு எந்தத் தெரு முறைன்னு யோசிச்சாலும் சரி, குழம்புல உப்பு இருக்கான்னு நான் கேட்டாலும் சரி, கை அங்க போயிடும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். ‘கையை எடுங்க’ன்னு ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வேன். எடுத்துடுவாரு. கோபப்பட மாட்டாரு, அந்தக் குணம் அவருக்குக் கிடையாது.

நான் அவரை எவ்வளவு நல்லா வச்சிருந்தேன்னு இந்தத் தெருவுல கேட்டுப் பாரு. மாசத்துக்கு ரெண்டு தடவை மீசைக்கு டை. காது முடி ஒண்ணுகூட விட மாட்டேன். நடக்கும்போது கூன் போடாதீங்கன்னு சொல்லிச் சொல்லி நிமித்தினேன். சட்டையை உள்ள விட்டுக்கோங்க, சிரிக்கும்போது வாயைக் கொஞ்சம் மூடிக்கோங்க, நாலு பேர் இருக்கற இடத்துல தண்ணிக் குழாய்ப் பேச்சை எடுக்காதீங்க. எல்லாத்துக்கும் சரிம்பாரு. மங்கை பியூட்டி பார்லர்னு வெளிய போர்டு தொங்குது. அவ புருஷன் எப்பிடி இருக்கணும்? நீயே சொல்லு. இல்லை, சொல்லாத, வெடிச்சிடும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, தாரணி. கோயமுத்தூர்ல வேலை பார்த்துக்கிட்டு இருந்தா. ரெண்டு வருஷம் முன்னாடி அவளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்ல எல்லாம் படிச்சவங்க, சம்பந்தியம்மா டீச்சரு. மேடையில பக்கத்துல நிக்க வச்சு போட்டோ எடுப்பாங்க, வீடியோ எடுப்பாங்க. அந்த மரு என் கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. எட்டு நாள் முன்னாடி, மத்தியானம் சாப்பிட வந்தவரை இந்தச் சேர்ல உக்கார வச்சேன். ‘டாக்டரம்மா வேணாம்னாங்களே மங்கை’ன்னாரு. ‘அவங்களையா போட்டோ எடுக்கப் போறாங்க?’ன்னு கேட்டேன். தலையைச் சாய்ச்சுக்கிட்டாரு, இப்ப நீ சாஞ்சிருக்கற மாதிரி.

இழுத்து முடிஞ்சப்ப கண்ணுல தண்ணி வந்துச்சு. வலிக்குதான்னு கேட்டேன், இல்லைன்னாரு. ரெண்டாம் நாள் சுத்தி வீங்கிக்கிச்சு, மஞ்சள் அரைச்சுப் போட்டேன். சாவியை அன்னைக்கு வலது தோளுக்கு மாத்திக்கிட்டாரு. அஞ்சாம் நாள் வேலை முடிஞ்சு நேரா இங்க கடைக்கு வந்தாரு. உள்ள ரெண்டு பொம்பளைங்க இருந்தாங்க, அதனால வாசல்லயே நின்னுக்கிட்டு உள்ளங்கையை நீட்டினாரு. ‘விழுந்திருச்சு மங்கை.’ ஒரு பஸ் டிக்கெட்டுல மடிச்சு வச்சிருந்தாரு. காஞ்ச மிளகு மாதிரியே இருந்துச்சு. ‘அதை எதுக்குங்க இங்க கொண்டு வந்தீங்க, குப்பையில போடுங்க’ன்னேன். சரின்னு அப்பிடியே போயிட்டாரு. எங்க போட்டாருன்னு நான் கேட்டுக்கலை.

அந்த இடத்துல வெள்ளையா ஒரு புள்ளி, கடுகு அளவுக்குத் தங்கிடுச்சு. நிச்சயதார்த்தத்தன்னைக்குக் காலையில பவுண்டேஷன் வச்சு மறைச்சு விட்டேன். தாரணி அன்னைக்குக் காலையிலதான் வந்தா, அவளுக்கு மரு எடுத்ததும் தெரியாது புள்ளியும் தெரியாது. ‘அப்பா இளமையா இருக்காருல்ல?’ன்னா. அவரு கண்ணாடி முன்னாடி நின்னு ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாரு. ‘யாரோ மாதிரி இருக்கேன் மங்கை’ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நல்லா இருந்தாரு பாப்பா, நிஜமாவே நல்லா இருந்தாரு.

மேடையில உக்காந்துகிட்டு அந்தக் கை மறுபடி கழுத்துக்குப் போச்சு. அங்க ஒண்ணும் இல்லை, வெறும் தோலைக் கிள்ளிக்கிட்டு இருந்தாரு. நான் கீழ நின்னு கண்ணைக் காட்டினேன், கையை எடுத்துட்டாரு. இதுல ஒரு வேடிக்கை சொல்லவா, எடுத்த போட்டோ அத்தனையிலயும் அவருக்கு வலது பக்கம்தான் விழுந்திருக்கு. ஒண்ணுலகூட இடது கழுத்து இல்லை.

இருபது நாள் கழிச்சு ஒரு சனிக்கிழமை. காலையில அஞ்சரைக்குக் கிளம்பினாரு. டீ குடிக்கும்போது, ‘கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்திருக்கு, கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிடலாம், நாளைக்கு ஒரு பேக் போட்டு விடறேன்’னு சொன்னேன். சரின்னாரு. அவ்வளவுதான் பேச்சு. ஒன்பது மணிக்கு நாலாம் தெருக்காரங்க வந்து சத்தம் போடறாங்க, தண்ணி திறந்தது திறந்தபடி ஓடுது, தெருவெல்லாம் குளமா நிக்குதுன்னு. போய்ப் பார்த்தா குழியில சாவி நட்ட மாதிரி நிக்குது. சைக்கிள் கரண்ட் கம்பத்துல சாஞ்சிருக்கு. ஆளைக் காணோம். போன் வீட்லயே சார்ஜ்ல கெடந்துச்சு.

ஏன் போனாருன்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு. சண்டையா, கிடையாது. குடியா, கிடையாது. வேளாவேளைக்குச் சோறு, இஸ்திரி போட்ட சட்டை, கறுத்த மீசை. இதுக்கு மேல ஒரு ஆம்பளைக்கு என்ன வேணும்? வேலையில ஏதாவது தொந்தரவா இருக்கும். தண்ணி பத்தலைன்னா ஜனங்க அவரைத்தானே திட்டுவாங்க.

ஸ்டேஷன்ல ரைட்டர் செபஸ்தியான் சார்தான் புகார் எழுதினாரு. தங்கமான மனுஷன். உயரம், நிறம், உடுப்பு எல்லாம் கேட்டுட்டு, அங்க அடையாளம் என்னம்மான்னாரு. நான் அவரோட சர்வீஸ் புக் ஜெராக்ஸைக் குடுத்தேன். அதைப் பார்த்து எழுதிட்டுச் சத்தமா படிச்சாரு. ‘இடது கழுத்தில் ஒரு மரு. வலது கால் சுண்டுவிரலில் ஒரு மச்சம். சரியாம்மா?’ சரின்னேன். மறைக்கணும்னு இல்லை பாப்பா, சத்தியமா இல்லை. கண்ணை மூடி அவரை நினைச்சா மருவோடதான் வந்தாரு. இருபத்தாறு வருஷம் பார்த்த கழுத்து. பழைய போட்டோ ஒண்ணும் குடுத்தேன், அதுல மரு பளிச்சுன்னு தெரியும்.

மூணாவது மாசம் தாரணி கல்யாணத்தைக் கோயில்ல எளிமையா முடிச்சுட்டோம். சம்பந்திங்க நல்ல மாதிரி, அப்பா வந்ததும் ஒரு விருந்து வச்சுக்கலாம்னாங்க. அடுத்த மாசம் ரைட்டர் கூப்பிட்டாரு. கடலோரத்துல ஒரு ஊர், பேரு எதுக்கு. அங்க பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரு உக்காந்தபடியே இறந்திருக்காரு. பதினஞ்சு நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்து, யாரும் வரலைன்னு அடக்கம் பண்ணிட்டாங்களாம். போட்டோ இருக்கு, வந்து பாருங்கம்மான்னாரு. தாரணியும் என்கூட வந்தா.

முகம் வீங்கியிருந்துச்சு. மீசை பாதி வெளுத்திருந்துச்சு, டை போட்டு நாலு மாசம் ஆனா எப்பிடி வெளுக்குமோ அப்பிடி. தாரணி ஒரு தடவை பார்த்துட்டு என் தோள்ல முகத்தை வச்சுக்கிட்டா. ‘அப்பா மாதிரி இருக்கும்மா.’ ரைட்டர், ‘பொறும்மா, பொறும்மா’ன்னு ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு விரல் வச்சுப் படிச்சாரு. வயசு சரி. உயரம் சரி. சுண்டுவிரல் மச்சம் தெரியலை, கால் வீங்கியிருக்குன்னு எழுதியிருக்காங்க. ‘ஆனா மரு இல்லையேம்மா. கழுத்து நல்லாத் தெரியுது. மரு இல்லை.’ தாரணி நிமிந்தா. ‘ஆமாம்மா, அப்பாவுக்கு மரு இருக்குமே’ன்னா. ரெண்டு பேரும் என்னையே பார்க்கறாங்க.

அந்தப் போட்டோவுல இடது கழுத்துல வெள்ளையா ஒரு புள்ளி இருந்துச்சு. ரைட்டர் நகத்தால சுரண்டிப் பார்த்தாரு, பிரிண்ட் போடும்போது விழுந்த புள்ளின்னு விட்டுட்டாரு.

‘இவரு இல்லை’ன்னேன். ‘அவருக்கு மரு இருக்கும்.’

தாரணி அந்த மேஜையில தலையைக் கவுத்துக்கிட்டு அழுதா பாரு. சந்தோஷத்துல அழுதா. அப்பா இல்லை, அப்பா இல்லைன்னு சொல்லிச் சொல்லி அழுதா. ரைட்டர் டீ வாங்கிட்டு வரச் சொன்னாரு. நான் குடிச்சேன். சூடா இருந்துச்சு, வேற ஒண்ணும் தோணலை. இப்பவும் அப்பிடித்தான், உன்கிட்ட சொல்றேன்ல, ஏதாவது தோணணும்ல, ஒண்ணும் தோணலை.

கிளம்பும்போது அந்த ஊர்லேருந்து போட்டோ கொண்டு வந்த போலீஸ்காரரு, சின்ன வயசு, பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னாரு. அந்தப் பெரியவரு ரெண்டு நாளா யாரோடயும் பேசாம அங்கயே உக்காந்திருந்தாராம். டீக்கடைக்காரரு பன்னு குடுத்தா வாங்கிக்குவாராம். எந்த நேரமும் ரெண்டு விரலால கழுத்தைக் கிள்ளிக்கிட்டே இருந்தாராம். தாரணி அப்ப வெளிய செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தா. அவ காதுல விழலை.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? மரு திரும்ப முளைக்கும்ல. நாலு மாசத்துல முளைச்சிருக்கும்ல. முளைக்கலைன்னா அது வேற ஆளுதானே. டாக்டரம்மாகிட்டயே போய்க் கேட்டேன், நூல் கட்டி எடுத்தா எத்தனை மாசத்துல திரும்ப வரும்னு. ‘இதுக்கு வேரெல்லாம் கிடையாதும்மா. எடுத்த இடத்துல பெரும்பாலும் வராது. பக்கத்துல புதுசா வரலாம்’னாங்க. வரலாம்னாங்கல்ல. அதைப் பிடிச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் வரலாம், வரலாம்னு சொல்லிக்கிட்டே வந்தேன்.

இதுல என்ன ஆச்சுன்னா, ரைட்டர் என் பேருக்கு நேரா அந்த அடையாளத்தை எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்பிட்டாரு. இடது கழுத்துல மருவோட எங்க ஒரு அனாதைப் பிணம் கிடைச்சாலும் எனக்குத்தான் போன். ரெண்டு வருஷத்துல ஆறு பேர். ரயில்ல அடிபட்டவரு ஒருத்தரு. ஆத்துல கிடைச்சவரு ரெண்டு பேர். கடையை அடைச்சுட்டுப் போவேன், துணியை விலக்குவாங்க, பார்ப்பேன், இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டு வருவேன். யார் பெத்த பிள்ளைங்களோ. எனக்காக மருவோட செத்துக் கெடக்கறாங்க. ஆறாவது ஆளைப் பார்த்துட்டு வந்தப்ப ரைட்டர், ‘மனசைத் தளர விடாதீங்கம்மா, எங்கயோ உசுரோட இருக்காரு’ன்னு ஆறுதல் சொன்னாரு. ஆமா சார்னேன்.

அழுத்திப் பார்க்கறேன், அசையாத. நெத்தி காஞ்சிருச்சு, கன்னம் இன்னும் ஈரம்தான்.

உங்கம்மா தேதி சொல்ல வந்தப்ப வெத்தலை பாக்கு, பூவோட வந்தாங்க. ‘மங்கையக்கா கையால முகூர்த்தப் பொட்டு வச்ச பொண்ணுங்க எல்லாம் நல்லா இருக்காங்க, நீங்கதான் வரணும்’னாங்க. கல்யாணப் பொண்ணு அலங்காரம்னா நம்ம ஊர்ல சும்மா மேக்கப் மட்டுமா? வகிட்டுல குங்குமம், தலையில பூ, நெத்தியில பொட்டு. சுமங்கலிதான் தொடணும். காணாமப் போனவரோட பொண்டாட்டி சுமங்கலிதான், அதுல யாருக்கும் சந்தேகம் இல்லை. போனவரு வருவாருன்னு வாய் நிறையச் சொல்வாங்க. செத்துட்டாருன்னு எழுதிக் குடுத்தேன்னு வையி, மறுநாள்லேருந்து புருவம் எடுக்கறதுக்கு வருவாங்க. பொண்ணுக்குப் பொட்டு வைக்கக் கூப்பிட மாட்டாங்க. நான் அதைத் தப்பு சொல்லலை. நானே ஒரு காலத்துல புருஷன் செத்த பார்லர்க்காரி ஒருத்தியைப் பத்தி, அவளைப் போய்க் கூப்பிட்டாங்களேன்னு பேசியிருக்கேன்.

அதனால இந்த ரெண்டு வருஷமும் போனேன். எத்தனை பொண்ணுங்க. ஒருத்தி பொட்டுகூட கோணலை. சுத்தமா, வட்டமா வச்சு விட்டுட்டு, தீர்க்க சுமங்கலியா இருன்னு சொல்லிட்டு, சாப்பிட்டுட்டு வந்துடுவேன்.

போன மாசக் கடைசியில தாரணிக்கு வளைகாப்பு. ஏழாம் மாசம். மனையில உக்காந்திருக்கா, நாந்தான் அலங்காரம் பண்ணி விட்டேன், அம்மன் சிலையாட்டம் இருந்தா. தாம்பாளத்துல சந்தனம், குங்குமம், கண்ணாடி வளையல். சம்பந்தியம்மா, ‘முதல்ல நீங்க வையுங்க, பெத்த தாய்’னாங்க. தாரணி சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினா. நான் சந்தனக் கிண்ணத்துல விரலை வச்சேன். விரலை எடுக்க முடியலை பாப்பா. அப்பதான் பயமா இருந்துச்சு. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா ஏதோ ஒண்ணு தோணுச்சுன்னா அந்தப் பயம்தான். இந்தக் கையை அவ மேல வச்சா, வயித்துல இருக்கற பிள்ளைக்கு, அவ புருஷனுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. கிண்ணத்தை அப்பிடியே சம்பந்தியம்மா கையில குடுத்துட்டேன். ‘நீங்களே வையுங்க, உங்க வீட்டுப் பிள்ளை’ன்னு சிரிச்சு வச்சேன். அவங்க பெருந்தன்மைன்னு எடுத்துக்கிட்டாங்க.

தாரணி எடுத்துக்கலை. எல்லாரும் சாப்பிடப் போனதும் சமையல்கட்டுல வந்து என் கையைப் பிடிச்சா, வளையல் எல்லாம் கலகலன்னு. ‘அம்மா, உனக்கு என்ன தெரியும்?’னா. ‘ஒண்ணுமில்லடி, கை ஈரமா இருந்துச்சு’ன்னேன். என் முகத்தையே பார்த்தா. அன்னைக்கு அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போனவதான். பத்து நாளாச்சு, நான் போன் பண்ணினா மாப்பிள்ளைதான் எடுக்கறாரு. தூங்கறா அத்தைங்கறாரு. எப்பப் பண்ணினாலும் தூங்கறா.

நானும் யோசிச்சுப் பார்த்தேன். ஊரார் பொண்ணுங்க நெத்தியில வைக்கும்போது எழும்பின கை, என் பொண்ணுக்கு எழும்பலைன்னா என்ன அர்த்தம்? உனக்குப் பொட்டு வைக்கறேன்னு உங்கம்மாகிட்ட வெத்தலை பாக்கு வாங்கியிருக்கேன். வாங்கி அலமாரியில வச்சது அப்பிடியே இருக்கு.

போதும், கழுவி விடறேன். தலையைத் தூக்காத, நானே துடைக்கறேன். கண்ணைத் திறந்துக்கோ. இந்தா கண்ணாடி, நல்லா இருக்கா? அழாத பாப்பா. தொடைச்ச முகம், உடனே சிவந்துடும்.

ரைட்டருக்குப் போன் பண்ணிக் கேட்டேன், வந்து ஒரு விஷயம் எழுதிக் குடுக்கணும்னு. என்ன விஷயம்னு கேக்கலை, பாவம். திங்கக்கிழமை காலையில இருப்பேன், வெள்ளிக்கிழமையும் இருப்பேன், எப்ப சௌகரியமோ வாங்கன்னாரு. மருவை நான்தான் நூல் கட்டி எடுத்தேன்னு எழுதிக் குடுத்தா, அந்தக் கடலோர ஊர்ல அடக்கம் பண்றதுக்கு முன்னாடி எடுத்து வச்சிருக்கற பல்லை வச்சு தாரணி ரத்தத்தோட ஒத்துப் பார்ப்பாங்களாம். அதெல்லாம் அவங்களுக்கு. எனக்கு, எழுதிக் குடுத்த அன்னைக்கே முடிஞ்சது.

உன் முகூர்த்தம் வியாழக்கிழமை. திங்கக்கிழமை போனேன்னா உனக்குப் பொட்டு வைக்க நான் வரக் கூடாது. வேற ஆளு பார்த்துக்கணும், நானே நல்ல ஆளா சொல்றேன். வெள்ளிக்கிழமை போனேன்னா வியாழக்கிழமை வரைக்கும் நான் சுமங்கலி, ஊர்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது. வீட்டுக்குப் போய் உங்கம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணையும் விடாத. சொல்லிட்டு, எந்தக் கிழமைன்னு கேட்டு எனக்கு ஒரு போன் பண்ணு. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்க வீட்டுக்காரரு ரெண்டு வருஷம் இருந்துட்டாரு. உங்கம்மா சரின்னா இன்னும் நாலு நாள் உசுரோட இருக்கட்டும்.